மாலை சூட்டுவதா, வழி நடப்பதா?

ஒருவர் உயிரோடிருக்கும் வரையில் அவர் சொல்லுக்குச் செவி கொடாமலிருப்பதும், அவர் மூச்சு நின்ற மறுகணமே அவர் புகழை வானளாவப் பேசுவதும் நம்மவர் கைக்கொண்டுள்ள விசித்திர வழக்கமாகும். பெரியார் ஒருவர் மறைந்தார் என்ற செய்தி எட்டியதும் படம் வைக்கப்படுகிறது, மாலை சாத்தப்படுகிறது, ஒரு நிமிடம் மௌனம் காக்கப்படுகிறது, பிரசங்கிகள் வரிசையாக எழுந்து, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒரே பாடத்தை ஒப்புவித்து அமர்கின்றனர். இன்று அந்தப் பாடம் கைத்தொலைபேசி வழியாகவும் வீடு தோறும் வந்து சேர்கிறது. மூன்றாம் நாள் மாலை வாடுகிறது. பதினாறாம் நாள் படம் அலமாரிக்குப் பின்னால் போகிறது. மறைந்தவர் எதற்காக வாழ்ந்தார், எவரோடு போராடினார், எதனை முடிக்காமல் விட்டுச் சென்றார் என்று கேட்டால், மாலை வாங்கி வந்தவருக்கும் விடை தெரியாது.

இவ்வழக்கத்தை அன்பு என்று அழைப்பதற்கு எமக்கு மனம் ஒப்பவில்லை. இது மறதிக்குப் பூசப்படும் சந்தனமேயாகும். உயிரோடிருப்பவர் நம்மைக் கேள்வி கேட்பார், படமோ கேளாது. உயிரோடிருப்பவர் நம்மிடம் வேலை வாங்குவார், படமோ வாங்காது. ஆகையினாலன்றோ நம்மவர்க்கு மனிதரைக் காட்டிலும் படத்தின்மீது பிரியம் மிகுதியாக இருக்கின்றது!

இறந்தோரை நினைவு கூர்தல் தமிழர்க்குப் புதிதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் நடுகற்கள் சில கண்டறியப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்கள் இரண்டாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்னும் வீரனுக்காக நடப்பட்டது. அக்கல்லில் உள்ள சொற்கள் மிகச் சிலவே. எனினும் மாண்டவன் எவன், எவ்வூரான், எச்செயலில் உயிர் நீத்தான் என்பவை யாவும் அவற்றுள் அடங்கிவிட்டன. நம் காலத்து இரங்கற் சுவரொட்டியை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். மறைந்தவர் படம் ஒரு முழம். ஒட்டியவர்கள் படம் இரண்டு முழம். சிங்கம், சூரியன், வள்ளல், சகாப்தம் என்று பட்டங்கள் பத்து. அவர் செய்த காரியம் ஒன்றேனும் அதில் உண்டா? கல்லில் உளியால் வெட்டியவன் சொல்லின் அருமையை அறிந்து உண்மையை எழுதினான். அச்சு மலிவாய்க் கிடைக்கும் நாமோ உண்மையைத் தவிர மற்றெல்லாவற்றையும் எழுதுகின்றோம்.

வெறும் பொதுப் பேச்சோடு நிற்பது முறையன்று. அண்மை ஆண்டுகளில் நாம் இழந்த சிலரை எடுத்துக்கொண்டு, அவர்களை எவ்வாறு நினைவு கூர்ந்தோம் என்பதைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1946-இல் பிறந்த இவர் கேரளத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பத்தினர். ரப்பர்த் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். கௌரவமான ஆசிரியர் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டப் புறப்பட்டவர். 1991-இல் தெனாகானித்தா என்னும் அமைப்பை நிறுவினார். தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர் அடிபட்டும், பசியாலும் நோயாலும் வாடியும் வருவதை, முந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். அதன் பலன் யாது? முகாம்களை நடத்தியவர்கள் கூண்டிலேறவில்லை. அறிக்கை எழுதியவரே கூண்டிலேற்றப்பட்டார். 1996-இல் பொய்ச் செய்தி பரப்பியதாக அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. வழக்கு ஏழாண்டுகள் இழுபட்டது. 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல் முறையீடு செய்தார். 2008 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண்மணி கழுத்தில் வழக்கைச் சுமந்துகொண்டே வேலை செய்தார். இடையில் 2005-இல், மாற்று நோபல் என்று உலகோர் அழைக்கும் நல்வாழ்வுரிமைப் பரிசு சுவீடன் நாட்டிலிருந்து அவரைத் தேடி வந்தது. 2014 மார்ச் 31-ஆம் தேதி அவர் காலமானார்.

இவர் நம் தோட்டத்துப் பெண்களுக்கு என்ன செய்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? களைக்கொல்லி மருந்தான பாராகுவாட் என்பதைத் தோட்டங்களில் அடித்து வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவருள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். அம்மருந்து உடலுக்குள் சென்றால் முறிப்பதற்கு மாற்று மருந்து கிடையாது. நகம் அழுகுவதும், மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகுவதும், கண் எரிவதும், தோல் வெடிப்பதும் அப்பெண்களுக்கு அன்றாட அனுபவம். இவற்றைத் தலைவிதி என்றும் கண்ணேறு என்றும் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மையாரும் அவருடைய தோழியரும் லயம் லயமாகச் சென்று, ஒவ்வொருத்தியின் நோயையும் எழுதி, இது விதியன்று, விஷம் என்று உலகறியச் சொன்னார்கள். 2002-இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 சனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அம்மையார் இல்லை. அவர் கண்மூடி ஆறாண்டு ஆகவிருந்தது. அந்நாளில் எந்தத் தோட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி ஒரு விளக்கேனும் ஏற்றினோம்? கோயில் திருவிழாவுக்குக் கூடிய கூட்டத்தில் எவரேனும் எழுந்து, நம் பெண்களின் கைகளைக் காக்கப் போராடியவர் இவர் என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று உண்டு. அம்மையார் வழக்கைச் சுமந்தது எவருக்காக? வங்காளதேசத்தவருக்காகவும் இந்தோனேசியருக்காகவும் பிற நாட்டு ஏழைகளுக்காகவுமே. அவர் படத்துக்கு மாலையிட்ட அதே கை, மாலையில் கடைத்தெருவில் நிற்கும் வங்காளதேசத் தொழிலாளியை நோக்கி இளக்காரமாக நீளுகின்றது. அவன் அழுக்கன், அவன் திருடன், அவன் வந்தபின் ஊர் கெட்டது என்று பேசுகின்ற வாய் நம்முடைய வாயேதான். அன்பர்களே, இந்த வசைகளை நம் பாட்டனார் கேட்டதில்லையா? கப்பலில் ஆடுமாடுகளைப்போல் அடைபட்டு வந்து, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கரையிறங்கி, தொற்று நோய் முகாமில் கிடந்து, கங்காணியின் பேரேட்டில் கடன்காரனாகப் பதிவு பெற்றுப் பால்மரக் காட்டுக்குள் நடந்தவர் எவர்? ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்த்தனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்தது. முறையின் பெயர் மாறியதேயன்றி முறை மாறவில்லை. இன்று ஏஜெண்டு என்று பெயர். அன்று கங்காணி என்று பெயர். அன்று கடன் பட்டு வந்தவன் தமிழன். இன்று கடன் பட்டு வருபவன் வேறொருவன். பாட்டனின் துயரைக் கவிதையில் பாடிக்கொண்டே, அத்துயரை இன்று அனுபவிப்பவனைக் காறி உமிழ்வோமாயின், ஐரின் அம்மையாரின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன அருகதை இருக்கின்றது?

இரண்டாவதாக, சிங்கப்பூரின் ஆறாவது அதிபராக இருந்த எஸ். ஆர். நாதன் அவர்களைக் கருதுவோம். 2016 ஆகஸ்டு 22-இல் அவர் மறைந்தபோது நம்மவர் பேசியதன் சாரம் யாது? தமிழன் ஒருவன் அதிபரானான் என்பதே. அவ்வளவுதானா அவர்? பள்ளிப்படிப்பு இடையில் முறிந்து, சில்லறை வேலைகள் பார்த்து, தாமே முயன்று படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களை விசாரிக்கும் சமூக ஊழியராகவும், பின்னர்க் கப்பலோட்டிகளின் நலன் கவனிக்கும் அலுவலராகவும், தொழிற்சங்க ஆராய்ச்சிப் பிரிவிலும் வேலை செய்தவர். 1974-இல் புக்கோம் தீவு எண்ணெய் ஆலையைத் தாக்கியவர்கள் லாஜு என்னும் படகைக் கைப்பற்றிப் பிணையாட்களைப் பிடித்து வைத்தபோது, அப்பிணையாட்களை விடுவிப்பதற்காக, தாக்கியவர்களோடு ஒரே விமானத்தில் குவைத் வரையில் சென்ற 13 அரசாங்க அலுவலருக்குத் தலைமை தாங்கியவர். இச்செயலை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதை விட்டுவிட்டு, நம்ம ஆள் என்று மட்டும் சொல்லி மார் தட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது? நம்ம ஆள் என்பது பிறப்பால் வருவது. அதற்கு அவர் ஒரு முயற்சியும் செய்யவில்லை. முயன்று செய்தவற்றை மறந்து, முயலாமல் வந்ததைப் போற்றுவது அறிவுடைமையாகுமா?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. 1999-இலும் 2005-இலும் அவர் போட்டியின்றியே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை எதிர்த்து நிற்க விரும்பியோர்க்குத் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. மக்கள் வாக்களிக்கும் சந்தர்ப்பமே எழவில்லை. 1982-இல் அவர் பெரியதொரு பத்திரிகை நிறுவனத்தின் தலைமைக்கு அனுப்பப்பட்டபோது, அரசாங்கத்தின் கை பத்திரிகைக்குள் நுழைகின்றது என்று பத்திரிகையாளர் பலர் அஞ்சினர். இவற்றை இரங்கற் கூட்டத்தில் சொல்வது அவமரியாதை என்பார் உளர். அவருக்கு யாம் சொல்லும் விடை இது: அவர் பெரிய மனிதர் என்று நீங்கள் மெய்யாகவே நம்பினால், உண்மையைக் கேட்டால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று ஏன் அஞ்சுகின்றீர்கள்? உண்மை பட்டதும் உதிர்ந்து போகும் பெருமை காகிதப்பூவின் பெருமையாகும். நாதனின் பெருமை அத்தகையதன்று.

அவருடைய அரசாங்க இறுதிச் சடங்கில், அவர் விரும்பியவாறே ஒரு தமிழ்த் திரைப்பாட்டு ஒலித்தது. பல ஊர் மண்ணையும் எடுத்து ஒன்றாய்க் குழைத்து ஒரு பொம்மை செய்வதைச் சொல்லும் பாட்டு அது. அயல் தலைவர்களும் அமைச்சர்களும் கூடியிருந்த மண்டபத்தில் தமிழ் ஒலித்ததே என்று நாம் புளகாங்கிதம் அடைந்தோம். பாட்டின் பொருளை எண்ணினோமா? பல மண் கலந்து ஒரு பொம்மை என்பதை மெச்சிய ஒருவரை, எங்கள் மண், எங்கள் சாதி, எங்கள் ஊர்க்காரர் என்று கூறு போட்டு நினைவு கூர்வது அவருக்குச் செய்யும் மரியாதையோ?

மூன்றாவதாக, கும்பகோணத்தில் 1925-இல் பிறந்து, 2023 செப்டம்பர் 28-இல் சென்னையில் மறைந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். இவரை நினைவு கூர்ந்த விதம் இந்தியாவில் நடந்ததாயினும், நமக்கு அதில் பாடம் உண்டு. பசுமைப் புரட்சியின் தந்தை என்னும் பட்டத்தை உலகமே ஓதுகின்றது. ஆனால் அவர் தலைமையில் 2004-இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், விளைவிக்க ஆகும் செலவுக்கு மேல் குறைந்தது நூற்றுக்கு ஐம்பது கூட்டி, ஆதார விலை கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததை ஓதுவார் சிலரே. ஆணையத்தின் இறுதி அறிக்கை 2006-இல் வந்தது. ஆண்டுகள் பல கடந்தன. 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி, மறைந்த அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. சரியாக நான்கு நாட்கள் கழித்து, அவர் பரிந்துரைத்த விலையைச் சட்டமாக்குமாறு கேட்டுப் பஞ்சாபிலிருந்து டில்லி நோக்கிப் புறப்பட்ட விவசாயிகளைத் தடுக்கச் சாலையில் ஆணி அறையப்பட்டது, சிமெண்டுத் தடைகள் நிறுத்தப்பட்டன, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. படத்துக்கு ரத்னம், பரிந்துரைக்குக் கண்ணீர்ப்புகை! விவசாயிகளைக் குற்றவாளிகளைப்போல் நடத்தலாகாது என்று, தந்தையின் விருதுக்காக நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னவர் அவருடைய மகள் மதுரா சுவாமிநாதன். தந்தையை எவ்வாறு நினைவு கூர வேண்டும் என்பதை அம்மகளிடம் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இங்கே குறிக்கத்தக்கது. மண்ணையும் நீரையும் மருந்தையும் வரைமுறையின்றிப் பயன்படுத்தினால் கேடு சூழும் என்று 1968-ஆம் ஆண்டிலேயே, புரட்சி வெற்றி முழக்கம் எழும்பத் தொடங்கிய காலத்திலேயே, இந்திய விஞ்ஞான மாநாட்டில் எச்சரித்தவரும் இதே சுவாமிநாதன்தான். தம் வேலையின் குறையைத் தாமே முன்னறிந்து சொன்ன பெரியாரை, குறையே இல்லாத தேவராகச் செய்துவிட்டோம். தேவரிடம் வரம் கேட்கலாம். பாடம் கேட்க முடியாது.

நான்காவதாக, எழுத்தாளர் ஒருவர். இது இலக்கியப் பகுதியாதலின் அவரை விடுதல் தகாது. கெடாவில் பீடோங் என்னும் சிற்றூரில் 1942-இல் பிறந்து, 2020 பிப்ரவரியில் மறைந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதியவர். 1981-இல் வெளிவந்த அவருடைய ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவல், இந்நாட்டுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை வாழ்வை, அதன் பிடிமானத்தையும் பிடிமானமின்மையையும் எழுதிக் காட்டியது. அவர் தமிழில் எழுதவில்லை, ஆகவே நம் எழுத்தாளரல்லர் என்று அவர் இருந்த காலத்தில் ஒதுக்கியோர் உண்டு. மறைந்த பின்னர், உலகம் போற்றிய தமிழர் என்று உரிமை கொண்டாடியோரும் உண்டு. இரு சாராரையும் யாம் கேட்பது ஒன்றே: அவர் நூலைப் படித்தீர்களா? எழுத்தாளனுக்கு நினைவுச் சின்னம் அவன் எழுதிய பக்கமேயன்றி வேறில்லை. அப்பக்கத்தைப் புரட்டாமல் அவன் படத்துக்கு மலர் தூவுவது, பசியோடு வந்தவனுக்குச் சோறிடாமல் பன்னீர் தெளிப்பதை ஒக்கும்.

இனி, எதிர்ப்போர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம். துக்கத்தில் இருப்பவர்க்கு மாலையும் மௌனமும் ஆறுதல் தருகின்றன. அதனைப் பழிக்கலாமா என்பர். குடும்பத்தாரின் துக்கத்தை யாம் பழிக்கவில்லை. தாயை இழந்த மகள் அழுவதற்கு எவர் இலக்கணம் வகுக்க முடியும்? யாம் பேசுவது பொதுமக்களைப் பற்றி. பொது வாழ்வில் நின்றவரைப் பொதுமக்கள் நினைவு கூரும்போது, அழுகை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அவர் நமக்குக் கொடுத்தது எவ்வளவு, நாம் அவருக்குத் திருப்பிச் செலுத்தியது எவ்வளவு என்று பேரேடு திறந்து பார்க்க வேண்டும்.

செத்தவரைக் குறை சொல்லலாகாது என்பது இரண்டாவது நியாயம். செத்தவர் வாயில்லாதவர், ஆகையால் அவர்மீது பொய் சொல்லலாகாது என்பதே இதன் உண்மைப் பொருளாயிருத்தல் வேண்டும். பழிக்கும் பொய் எப்படிப் பொய்யோ, புகழும் பொய்யும் அப்படியே பொய்தான். அவர் செய்யாததைச் செய்தார் என்றும், சொல்லாததைச் சொன்னார் என்றும் அளப்பவன், வாயில்லாதவர் வாயில் தன் சொல்லைத் திணிக்கின்றான்.

ஏழைத் தொழிலாளர்க்கு நூல் படிக்கவும் ஆராயவும் ஓய்வு ஏது என்பது மூன்றாவது. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் பட்டணத்துக் கனவான்களே. தொழிலாளியின் அறிவை இவ்வளவு மலிவாக மதிப்பவர்களை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டுத் தர்க்கம் செய்து வளர்ந்த சமூகம் இது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைத் தம் சம்பளத்திலிருந்து காசு போட்டுக் காத்தவர்கள் இம்மக்கள். அவர்களுக்கு மாலை போடத்தான் தெரியும் என்பது அவதூறு.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை. பொது வாழ்வில் நின்ற ஒருவர் மறைந்தால், தோட்டத்து மண்டபத்திலோ பட்டணத்துச் சங்கத்திலோ கூடுங்கள். பட்டங்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை தேடுங்கள். இவர் செய்தது என்ன? இவரைத் தடுத்தவை எவை? இவர் முடிக்காமல் விட்டது என்ன? விடைகளை ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளிப் பிள்ளை ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். அவர் தவறியது ஏதேனும் இருப்பின் அதையும் எழுதுங்கள். மாலைக்கு ஒதுக்கிய பணத்தில் அவர் எழுதிய நூலையோ, அவரைப் பற்றிய நூலையோ வாங்கித் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வையுங்கள். கடைசியாக, அவர் முடிக்காமல் விட்டவற்றுள் ஒன்றை, மிகச் சிறியதொன்றையேனும், நம் தலைமேல் ஏற்றுக்கொள்வோம்.

ஐரின் அம்மையாரை நினைவு கூர விரும்புவோர், தம் தோட்டத்தில் இன்று மருந்தடிப்பவர் எந்நாட்டவராயினும் அவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கட்டும். கொடுக்கப்படவில்லையேல் அவருக்காகப் பேசட்டும். நாதனை நினைவு கூர விரும்புவோர், படிப்பு இடையில் நின்றுபோன பிள்ளை ஒருவனை மீண்டும் புத்தகம் எடுக்கச் செய்யட்டும். சுவாமிநாதனை நினைவு கூர விரும்புவோர், அரிசி விலை ஏறிற்று என்று முணுமுணுக்கும்போது, அதை விளைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்றும் ஒரு முறை கேட்கட்டும். மணியத்தை நினைவு கூர விரும்புவோர், தம் பாட்டி சொன்ன கதையை, அவள் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும்.

மறைந்த பெரியோர்க்கு நம் மாலையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வழக்குமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் தனியே நின்ற பெண்மணிக்கு, அந்நாளில் பக்கத்தில் நிற்கப் பத்துப் பேர் வேண்டியிருந்தது. அன்று போகாத நாம் இன்று மாலையோடு போய் நிற்கின்றோம். இன்றும் எங்கோ ஒரு மன்றத்தில், எங்கோ ஒரு தோட்டத்து அலுவலகத்தின் முன்னால், அத்தகைய ஒருவர் தனியே நின்றுகொண்டிருக்கின்றார். அவர் இறக்கும் வரையில் காத்திராமல், இப்பொழுதே அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மறைந்தவர்க்குச் செய்யும் மரியாதை அதுவே.